கால்சட்டைப் பையில் ஷெஃபீல்டு

தொண்ணூறு ஆண்டுகளாக ஒரு பழத்தைக்கூட நறுக்காத மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்தால் அதை என்ன செய்வது என்ற கேள்வி கடந்த இலையுதிர் காலத்திலிருந்து என்னை விடாமல் பின்தொடர்கிறது. மெழுகுத்தாளில் சுற்றியபடியே பத்திரப்படுத்துவதா, அல்லது பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போவதா? பழைய ஆங்கிலேயப் பேனாக்கத்திகளைச் சேகரிப்பவர்களிடையே இது ஓயாத வழக்கு. பெரும்பாலும் இரு தரப்பாரும் தங்கள் கட்சியைச் சொல்லிவிட்டு, மனக்கசப்பின்றி அடுத்த கத்தியைப் பார்க்கப் போய்விடுவார்கள். வெட்டுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நானும் என்னளவில் வழக்கை முடித்து வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் எங்கள் மேசையில் நடந்தது அந்த முடிவை அசைத்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் அந்த மேசையைப் பற்றியும் அதைச் சுற்றி அமர்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் வேலை நிமித்தம் குடியேறிய பிறகுதான் இந்தக் கத்திகளும் இவற்றை வைத்திருப்பவர்களும் எனக்குப் பழக்கமானார்கள். மாதம் ஒருமுறை நகரத்தின் பழைய மதுக்கூடம் ஒன்றின் மாடியறையில் கூடுகிறோம். ஓய்வுபெற்ற சாணைத் தொழிலாளி, பூங்காத் தோட்டக்காரர், பள்ளி ஆசிரியை, பேருந்து ஓட்டுநர், அண்மையில் வந்து சேர்ந்த இளம் தச்சர் என்று வருபவர்கள் பல தரத்தினர். சந்தாவும் கிடையாது, தலைவரும் கிடையாது. வருபவரின் பையில் அந்த வாரம் ஏதாவது வேலை செய்த கத்தி ஒன்று இருக்க வேண்டும் என்பதுதான் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரே நிபந்தனை. அந்த வாரத்து வேலைகளைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும். தோட்டக்காரர் ரோஜாக் கொம்புகளைக் கட்டச் சணல் கயிறு அறுத்ததைச் சொல்வார். ஆசிரியை பிள்ளைகளுக்காகப் பென்சில் சீவியதைச் சொல்வார். ஓட்டுநர் தம் மதிய உணவின் பாலாடைக்கட்டியை வெட்டியதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். இவ்வளவு சிறிய செய்திகளை இவ்வளவு கவனமாகக் கேட்கும் ஒரு கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கத்திகள் மேசைக்கு வரும்போது அந்த அறையில் ஓர் ஒழுங்கு வந்துவிடும். உரிமையாளரைக் கேட்காமல் எவரும் எவருடைய கத்தியையும் திறப்பதில்லை. கத்தி மூடிய நிலையில்தான் கைமாறும். வாங்கியவர் நகப்பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி மெதுவாகத் திறப்பார்; அலகின் பளபளப்பான பகுதியில் விரல்களைப் பதிய விடமாட்டார். கார்பன் எஃகில் வியர்வை பட்டால் ஓரிரு நாளில் விரல்ரேகையின் வடிவத்திலேயே துருப் பிடிக்கும் என்பதால், திருப்பிக் கொடுக்கும் முன் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் மூடுவார். வயதில் மூத்த சாணைத் தொழிலாளியும், போன மாதம் வந்த தச்சரும் இதை ஒரே விதமாகச் செய்வார்கள். கூரான ஒரு பொருளை அறிமுகமில்லாதவர் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை மாதாமாதம் புதுப்பித்துக்கொள்வதுதான் இந்தக் கூட்டத்தின் உண்மையான அலுவல் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மடக்குக் கத்தி நல்லதா என்று பார்க்கும் முறையையும் அந்த மேசையில்தான் கற்றேன். முதலில் கத்தியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முதுகுப்புற ஸ்பிரிங்குக்கும் இருபுறமுள்ள பித்தளைத் தகடுகளுக்கும் நடுவே ஒளி ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். ஊடுருவினால் பொருத்தியவர் அவசரப்பட்டிருக்கிறார். பிறகு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங்கின் மேல்விளிம்பு பிடியோடு ஒரே மட்டமாக இருக்கிறதா என்று விரல்நுனியால் தடவுவார்கள். அலகின் அடியில் உள்ள சதுரமான பகுதி, ஆணியை மையமாகக் கொண்டு சுழலும்போது ஸ்பிரிங்கைத் தூக்கி, அது தன் இடத்தில் மறுபடி உட்காரும் கணத்தில் ஒரு சத்தம் எழும். நன்றாகச் செய்த கத்தியில் அது அழுத்தமாகவும் சுருக்கமாகவும் இருக்கும். தேய்ந்த கத்தியில் சோர்ந்து ஒலிக்கும். எங்கள் சாணைத் தொழிலாளி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். இவ்வகைக் கத்திகளில் பூட்டு எதுவும் இல்லை. அலகை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது அந்த ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டுமே. ஆகவே அந்த எஃகுத் துண்டை எந்த அளவுக்குச் சூடாக்கி எந்த அளவுக்குத் தோய்ச்சல் கொடுத்தார்கள் என்பதில்தான் கத்தியின் ஆயுள் இருக்கிறது.

அதன்பின் லென்ஸ் வெளியே வரும். அலகின் அடியில் குத்தியிருக்கும் முத்திரையைப் படிப்பது சேகரிப்பாளர்களுக்குத் தனி இன்பம். நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் இருந்தால் ஜோசப் ராட்ஜர்ஸ்; ஐ எக்ஸ்எல் என்றிருந்தால் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம்; ஒரு கண் பொறித்திருந்தால் டெய்லர். ராட்ஜர்ஸ் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்தவர்கள் என்பதால் மகுடத்துக்கு இருபுறமும் ஆட்சியிலிருந்தவரின் முதலெழுத்துகளைக் குத்தினார்கள். அதைக் கொண்டு கத்தி விக்டோரியா காலத்ததா, ஜார்ஜ் காலத்ததா என்று சொல்லிவிடலாம். முத்திரையோடு இங்கிலாந்து என்ற பெயரும் இருந்தால் பெரும்பாலும் அது 1890க்குப் பிற்பட்டது. இறக்குமதிப் பொருள்கள் எந்த நாட்டில் செய்யப்பட்டவை என்று குறித்திருக்க வேண்டும் என அமெரிக்கா அந்த ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது; அப்போது ஷெஃபீல்டின் பெரிய சந்தையே அமெரிக்காதான்.

மேசையில் எனக்கு ஓர் இடம்

ஐந்து ஆறுகளும் ஓடைகளும் மலைச்சரிவில் இறங்கி வரும் ஊர் இது. டான், ஷீஃப், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் ஆகிய அந்த நீரோட்டங்கள்தான் சாணைக்கற்களைச் சுழற்றின. கல்லும் பக்கத்து மலையிலேயே கிடைத்தது. போர்ட்டர் ஓடைக்கரையில் ஷெப்பர்ட் வீல் என்னும் பழைய சாணைக்கூடம் இன்றும் இருக்கிறது. திறந்திருக்கும் நாள்களில் நீர்ச்சக்கரம் சுழல்வதைப் பார்க்கலாம். கல்லுக்குப் பின்னால் இருக்கும் மர இருக்கையில், குதிரைச் சேணத்தில் அமர்வது போலக் கால்களை அகட்டி உட்கார்ந்து தீட்டுவார்கள். தண்ணீர் படாமல் தீட்டும் வேலையில் கல்தூசு நுரையீரலில் இறங்கி, 19ஆம் நூற்றாண்டில் முப்பதுகளிலேயே இறந்துபோன தொழிலாளர்கள் ஏராளம். எங்கள் பெரியவரான சாணைத் தொழிலாளியின் குடும்பத்திலும் அந்த இருமல் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. கத்தியின் அழகைப் பற்றி யாராவது மிகையாகப் பேசத் தொடங்கினால் அவர் அதைத்தான் நினைவூட்டுவார். அறை சற்று நேரம் மௌனமாகிவிடும்.

1624இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே, ஹாலம்ஷயர் என்னும் ஷெஃபீல்டு வட்டாரத்துக்கான கத்தித் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. அதன் தலைவருக்கு மாஸ்டர் கட்லர் என்று பட்டம். ஆண்டுதோறும் இன்றும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் நான் பெரிதும் மதிப்பது சங்கத்தின் மாளிகையை அல்ல. வாடகைக்கு ஒரு சிறு பட்டறையைப் பிடித்துக்கொண்டு, தனியாகவோ ஓரிரு உதவியாளர்களோடோ வேலை செய்த லிட்டில் மெஸ்டர்கள் என்ற சிறு கைவினைஞர்களைத்தான் மதிக்கிறேன். அவர்களில் கடைசியாக உலகப் புகழ் பெற்றவர் ஸ்டான் ஷா. 1941இல், பதினான்கு வயதில், இபர்சன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர், 2017இல் பிரிட்டிஷ் எம்பயர் பதக்கம் பெற்றார், 2021இல் மறைந்தார். மடக்குக் கத்தியின் பிடியில் சிறு கேடயத் தகட்டைப் பதிப்பதற்கு, மார்பில் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு வில்லால் சுழற்றும் பழைய துளைக்கருவியைப் பயன்படுத்திய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

இவ்வளவு ஆழமாக ஓர் ஊருக்குச் சொந்தமான விஷயத்தில் வெளியிலிருந்து வந்த நான் எப்படி ஒட்டினேன் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கத்திகளே வழி செய்தன. தோட்டக்காரரிடம் இருந்த ஒரு பழைய கத்தியின் பிடி, பழுப்பும் வெண்மையுமாக வரியோடிய மான்கொம்பு. அது எந்த மான் என்று கேட்டேன். இந்தியக் கடமான் என்றார். காட்டில் உதிர்ந்த கடமான் கொம்புகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறி இங்கே வந்திருக்கின்றன. இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு நல்ல கொம்பு கிடைப்பது அரிதாகிவிட்டது என்பதால், பழைய பிடிகளின் மதிப்பு கூடியிருக்கிறது. முதுமலைச் சாலையோரம் நின்று நான் பார்த்த விலங்கின் கொம்பை, யார்க்‌ஷயரின் ஒரு தோட்டக்காரர் முப்பது வருடமாகத் தம் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்கிறார்.

பதிலுக்கு நான் அவர்களுக்குப் பரங்கிப்பேட்டையைச் சொன்னேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துக் காந்த இரும்புத் தாதுவை நம்பி 1830களில் அங்கே ஓர் இரும்பாலையை நடத்தினார். பிறகு ஷெஃபீல்டுக்கு வந்து, உருக்கும்போது மாங்கனீசைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டறிந்து 1839இல் காப்புரிமை பெற்றார். அதுவரை சிறந்த கத்திகளுக்கு சுவீடனிலிருந்து வந்த விலையுயர்ந்த இரும்பையே நம்பியிருந்த ஊர், அந்த முறையால் பெரும்பணம் மிச்சம் பிடித்தது. ஆனால் ஆலைக்காரர்கள் சேர்மானத்தைச் சற்றே மாற்றிக் காப்புரிமையைத் தாண்டிக்கொண்டார்கள். வழக்குகளில் அலைக்கழிந்து 1851இல் ஹீத் இறந்தார். நான் சொல்லி முடித்ததும் பெரியவர் தம் கத்தியைத் திறந்து அலகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஷெஃபீல்டின் ஆண்கள் ஆண்களையும் விளிக்கும் வழக்கப்படி, “அப்படியானால் லவ், இதில் உன் ஊரும் கொஞ்சம் இருக்கிறது” என்றார். அன்றிலிருந்து அந்த மேசையில் எனக்கென ஒரு நாற்காலி இருக்கிறது.

மூன்று அங்குலம்

கத்தியைப் பையில் வைத்திருக்கிறேன் என்று இந்த நாட்டில் சொன்னால், கேட்பவரின் முகம் முதலில் மாறத்தான் செய்யும். அதில் நியாயம் இருக்கிறது. இளைஞர்கள் கத்திக்குத்தில் சாகும் செய்தி வராத வாரம் குறைவு. காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு லட்சம் கத்திகளைக் கொண்டு செய்த தேவதைச் சிலை ஒன்று நகரம் நகரமாகச் சுற்றி வந்திருக்கிறது. அதன் காலடியில் பிள்ளைகளை இழந்த தாய்மார் நிற்பதைப் பார்த்துவிட்டு எந்தக் கத்தியையும் கொண்டாட மனம் வராது. எங்கள் கூட்டத்தில் யாரும் இதை மறைத்துப் பேசுவதில்லை. ஆசிரியையின் பள்ளியில் படித்த ஒரு பையன் அப்படி இறந்திருக்கிறான். அதன்பின் பல மாதங்கள் அவர் வரவில்லை. திரும்பி வந்தபோது, பென்சில் சீவும் கத்தியைப் பிள்ளைகள் பார்க்கட்டும், கத்தி என்றால் குத்துவது மட்டும்தான் என்று அவர்கள் வளரக் கூடாது என்று சொன்னார்.

சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றிருக்கிறது. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் காரணம் காட்டாமலே வைத்திருக்கலாம். அலகைப் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்த விலக்குக்குள் வராது என்று 1990களில் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. ஆகவே பாட்டன் காலத்து ஸ்பிரிங் கத்திதான் இன்றைக்கும் சட்டத்துக்கு உட்பட்டுப் பையில் வைக்கக் கூடியது. எங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது லேம்ப்ஃபுட் என்ற வகை. வெட்டும் விளிம்பு அளவுகோல் போல நேராக இருக்கும். முதுகு மட்டும் நுனியை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கி மழுங்கலாக முடியும். குத்துவதற்குப் பயன்படாத வடிவம். பலகையில் வைத்துக் கயிறு அறுக்கவும், தோல் வெட்டவும், தீவன மூட்டையின் தையலைப் பிரிக்கவும் அதைவிட வசதியான அலகு இல்லை. ஒரே அலகு, ஒரே ஸ்பிரிங், இரண்டு தகடு, மாட்டுக்கொம்பிலோ மரத்திலோ ஒரு பிடி. விவசாயிகளும் கப்பல் தொழிலாளர்களும் வைத்திருந்த எளிய பொருள். அந்த எளிமையை நான் முத்துச்சிப்பிப் பிடிகளுக்கும் மேலாக மதிக்கிறேன்.

இந்தக் கத்திகள் எங்களிடையே விலைக்கு மாறுவதைவிட அன்பளிப்பாக மாறுவதே அதிகம். யாருக்காவது வேலை போனால், குழந்தை பிறந்தால், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால் ஒரு கத்தி அவரைத் தேடிப் போகும். கத்தி கொடுத்தால் நட்பு அறுந்துவிடும் என்பது ஆங்கிலேயரின் பழைய நம்பிக்கை. அதனால் வாங்குபவர் உடனே ஒரு பென்னிக் காசைக் கொடுத்து, அதை விற்பனையாக்கிவிடுவார். கத்தியையும் கத்தரிக்கோலையும் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது உடனே புரிந்தது. தோட்டக்காரரின் மேசை இழுப்பறையில் அப்படிச் சேர்ந்த பென்னிகள் ஒரு ஜாடி நிறைய இருக்கின்றன. அவர் கொடுத்த கத்திகளின் கணக்கு அவரிடம் இல்லை. யாருக்கு எதைக் கொடுத்தார் என்பது மட்டும் பிசகாமல் நினைவிருக்கிறது.

ஆப்பிள்

இனி அந்தச் சனிக்கிழமை. எங்கள் பெரியவர் வழக்கத்துக்கு மாறாகக் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். பழுப்பேறிய மெழுகுத்தாள், மடிப்புகளில் விரிசல். உள்ளே ராட்ஜர்ஸ் லேம்ப்ஃபுட் ஒன்று, கறுத்த மாட்டுக்கொம்புப் பிடியோடு இருந்தது. அவருடைய தந்தை 1930களில் சம்பளத்தோடு கிடைத்ததாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தது. அலமாரியின் அடியில் வைக்கப்பட்டு, ஒருவராலும் பயன்படுத்தப்படாமல் அவர் கைக்கு வந்திருக்கிறது. அறையில் இருந்த அனைவரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டோம். அலகின் மீது சாணைச் சக்கரம் விட்ட நுண்ணிய கோடுகள் விளிம்புக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று இணையாக, அன்றைக்குத் தீட்டியது போல இருந்தன. மகுட முத்திரையின் ஓரங்கள்கூட மழுங்கவில்லை. எங்கள் கூட்டத்தில் தீண்டப்படாத கத்திகளை மட்டுமே சேகரிக்கும் ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்ற கணக்காளர், மிகுந்த படிப்பாளி. அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு நெடுநேரம் குனிந்திருந்தார். இப்படி ஒன்றைத் தம் வாழ்நாளில் இரண்டாவது முறைதான் பார்ப்பதாகச் சொன்னார். என்ன விலை கேட்டாலும் தருவதாகவும் சொன்னார்.

பெரியவர் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மற்றொரு பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்பது எங்களுக்குப் புரிவதற்குள் அலகு பழத்துக்குள் இறங்கிவிட்டது. கணக்காளரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரையாவது அடிப்பதைப் பார்க்கும்போது வரும் சத்தம். பெரியவர் நிதானமாக, துண்டு துண்டாக நறுக்கி, அலகின் மேலேயே வைத்து ஒவ்வொருவருக்கும் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். தச்சரும் ஆசிரியையும் வாங்கிக்கொண்டார்கள். கணக்காளர் வாங்கவில்லை. “என் அப்பா இதைத் தீட்டியவரில்லை. ஆனால் தீட்டியவரை அவருக்குத் தெரியும். அந்த மனிதன் அலமாரிக்காகத் தீட்டவில்லை” என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம் இல்லை.

அலகைத் துடைக்காமல் மேசையின் நடுவில் வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஆப்பிளின் புளிப்பு பட்ட இடத்தில் முதலில் ஒரு மங்கல். பிறகு அது சாம்பல் நிறமாகி, ஓரத்தில் மெல்லிய நீலமும் ஊதாவும் பரவின. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை கறுத்துப்போவதைச் சிறுவயதிலிருந்து பார்த்த எனக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் தொண்ணூறு ஆண்டுகள் அசையாமல் இருந்த ஒரு பரப்பு கண்ணெதிரே மாறுவதைப் பார்ப்பது வேறு. அந்த நிறம் இனிப் போகாது. தேய்த்து எடுத்தால் சாணைக் கோடுகளும் சேர்ந்து போய்விடும். கணக்காளர் தம் லென்ஸை உறையில் போட்டுக்கொண்டு, எல்லாரிடமும் முறையாக விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

பெரியவர் செய்தது சரி என்றுதான் அன்றிரவு நினைத்தேன். இன்றும் பெரும்பாலும் அப்படியே நினைக்கிறேன். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கத்தியை ஏலத்தில் விட்டிருந்தால் வேறொரு அலமாரிக்குப் போயிருக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கு. அவர் அதைத் தம்மோடு உட்காரும் மனிதர்களோடு பகிர்ந்துகொள்ளத் தேர்ந்தெடுத்தார். ஆனால் கணக்காளரின் கலங்கிய கண்களை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அவர் பேராசைக்காரர் இல்லை. கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் ஹாலி தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. கென் ஹாலி என்ற ஒரு கடைக்காரர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஷெஃபீல்டுக் கருவிகளும் கத்திகளும் அவை. மற்றவர்கள் குப்பையில் போட்டவற்றையும், பட்டறைகள் மூடும்போது கைவிட்டவற்றையும் அவர் எடுத்து வைத்திராவிட்டால் இந்த ஊர் தன் கைகளின் வரலாற்றையே இழந்திருக்கும். எல்லாரும் எல்லாவற்றையும் பயன்படுத்தித் தேய்த்துவிட்டால், முதலில் அது எப்படி இருந்தது என்று சொல்ல யார் இருப்பார்கள்? பையில் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியை எளிதாகக் கடந்து போகிறோம். நானும் அப்படித்தான் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

தச்சரின் கேள்வி

கணக்காளர் அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டவர்களிடம் மரியாதையாகப் பேசினார், அவ்வளவுதான். இந்தக் கூட்டம் உடையப் போகிறதோ என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருந்தது. கருத்து வேறுபாட்டை நாங்கள் தாங்குவோம்; ஒருவருக்கு அன்பான பொருளை அவர் எதிரிலேயே மாற்றிவிட்ட வருத்தத்தை எப்படித் தாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவரும் உள்ளூர வருந்தினார். அவர் அதை வாய்விட்டுச் சொல்லும் மனிதர் இல்லை. கணக்காளரின் நாற்காலியில் வேறு யாரும் உட்கார அவர் விடவில்லை என்பதிலிருந்து புரிந்துகொண்டோம்.

முடிச்சை அவிழ்த்தவர் இளம் தச்சர். அவர் ஓய்வு நேரங்களில் ஒரு பட்டறையில் மடக்குக் கத்தி செய்யப் பழகிக்கொண்டிருக்கிறார். அருகிவரும் கைத்தொழில்களின் சிவப்புப் பட்டியலில் இந்தத் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது. முழு நேரமாகச் செய்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை. பழைய முறையில் ஒரு லேம்ப்ஃபுட் செய்ய விரும்பிய அவருக்கு அளவு வேண்டியிருந்தது. எங்கள் பைகளில் இருந்த கத்திகள் அனைத்தையும் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் இத்தனை ஆண்டுகள் தீட்டித் தீட்டி வெவ்வேறு அளவில் குறுகியிருந்தது. சிலவற்றில் நேர்விளிம்பு நடுவில் குழிந்தே போயிருந்தது. முதலில் அலகு எவ்வளவு அகலம், முதுகு அடியிலிருந்து நுனிவரை எந்தக் கணக்கில் மெலிந்தது, பக்கங்களை எவ்வளவு குழிவாகத் தீட்டியிருந்தார்கள் என்பது எதிலும் மிஞ்சவில்லை. அவர் நேரே கணக்காளரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

கணக்காளர் அன்று தம் இழுப்பறைகள் அனைத்தையும் திறந்து காட்டியிருக்கிறார். ராட்ஜர்ஸ், வோஸ்டன்ஹோம், பெயரே தெரியாத சிறு பட்டறைகள் என்று பயன்படாத லேம்ப்ஃபுட் கத்திகளை மேசையில் வரிசையாக வைத்து, அளவுமானியால் இடம் இடமாக அளந்து, தம் கணக்கேட்டுக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். தச்சர் அந்தத் தாளை மேசையில் விரித்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்து, அலகு இந்த அளவு மெலிந்தால் தீட்டும்போது சூடேறித் தோய்ச்சல் போய்விடும், கல்லில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும் என்றார். அது எந்தத் தாளிலும் இல்லாத செய்தி. கணக்காளர் உடனே பேனாவை எடுத்து அதை ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு ஸ்பிரிங் எங்கே தேயும் என்ற பேச்சு வந்தது. அதற்குத் தீண்டப்படாத கத்திகளால் விடை சொல்ல முடியாது. தோட்டக்காரர் தம் கடமான் கொம்புக் கத்தியை நீட்டினார். முப்பது வருட உழைப்பில் அலகின் அடிமூலை எங்கெங்கே வழுவழுப்பாகியிருக்கிறது என்று லென்ஸில் பார்த்துக் கணக்காளரே தச்சருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவருக்கும் கணக்காளருக்கும் இடையே ஆப்பிளைப் பற்றி இதுவரை ஒரு பேச்சும் நடக்கவில்லை. கணக்காளர் தம் கத்திகளை இனியும் பயன்படுத்த மாட்டார். அவற்றை ஹாலி தொகுப்புக்கு எழுதி வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியவரின் ராட்ஜர்ஸ் இப்போது தினமும் அவர் பையில் இருக்கிறது. அலகு முழுவதும் கருநீலமாகிவிட்டது. தச்சரின் முதல் இரண்டு கத்திகளில் வெளிச்சம் ஊடுருவியது. மூன்றாவதில் ஸ்பிரிங் சற்று அதிகமாகவே விறைத்திருந்தது. என் நகம் பிளந்துவிடும் போலிருந்தது. நான்காவதைச் செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பிடியாக மாட்டுக்கொம்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது யாருக்கு என்று கேட்டோம். இரண்டு செய்ய வேண்டும், ஒன்று பைக்கு, ஒன்று இழுப்பறைக்கு, பென்னிகளைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றார்.